பென்சீன் வளையம் எந்தப் பக்கம் உடைகிறது: ஓர் ஆய்வக வேலைப் பதிவு

பென்சோயேட்டைத் தின்று வளரும் ஒரு பாக்டீரியா, அதிலுள்ள பென்சீன் வளையத்தை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதை வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம். மரபணு வரிசை தேவையில்லை, பெரிய கருவிகளும் தேவையில்லை. கேட்டகால் (பென்சோயேட் உடையும் வழியில் இடையே உருவாகும் சேர்மம்) கரைசல், ஒரு தெளிப்பான், சில சோதனைக் குழாய்கள், நிறம் மாறுவதைக் கவனிக்கிற பொறுமை இருந்தால் போதும். பாடப்புத்தகத்தில் அம்புக்குறிகளாகப் படித்த வழித்தடத்தை ஒவ்வொரு படியாக நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகச் செய்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அடிப்படைக் கைப்பழக்கம் உள்ளவர்கள் திரும்பச் செய்து பார்க்கலாம் என்பதால் அளவுகளையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில் வேதியியலைக் கொஞ்சம் பேசிவிடலாம். பென்சீன் வளையத்தின் 6 பை எலக்ட்ரான்களும் வளையம் முழுக்கப் பரவிக் கிடப்பதால் மோலுக்குச் சுமார் 150 கிலோஜூல் கூடுதல் நிலைத்தன்மை அதற்குக் கிடைக்கிறது. சாதாரண இரட்டைப் பிணைப்பை எளிதாகத் தாக்கும் வினைபொருள்கள் இதனிடம் தோற்றுப்போகின்றன. காற்றில் இவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தும் அது தானாக வளையத்தோடு வினைபுரிவதில்லை. ஆக்ஸிஜனின் இணைசேராத இரண்டு எலக்ட்ரான்கள் குறுக்கே நிற்கின்றன. இந்தத் தடையைத் தாண்ட பாக்டீரியா இரும்பைப் பயன்படுத்துகிறது. பென்சோயேட் டைஆக்ஸிஜினேஸ் என்ற நொதியில் இரண்டு இரும்பும் இரண்டு கந்தகமும் சேர்ந்த ரீஸ்கி மையம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, தனி இரும்பு அணு ஒன்று. செல்லுக்குள் எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் என்ஏடிஹெச் தரும் இரண்டு எலக்ட்ரான்கள் ரீஸ்கி மையம் வழியாக அந்தத் தனி இரும்புக்குப் போகின்றன. அங்கே பிடிபடும் ஆக்ஸிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் வளையத்தின் அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில், ஒரே பக்கமாக ஏறிக்கொள்கின்றன. அத்தோடு அரோமேட்டிக் தன்மை போய்விடுகிறது. அடுத்த நொதி ஹைட்ரஜனை எடுத்து, கார்பன் டைஆக்ஸைடை வெளியேற்றி, கேட்டகாலைத் தருகிறது. இப்போது அரோமேட்டிக் தன்மை திரும்பிவிட்டது, ஆனால் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்ஸில் குழுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. முதல் படியில் செலவழித்த என்ஏடிஹெச் இந்தப் படியில் திரும்பக் கிடைத்துவிடுகிறது. விதைநெல்லைப் போட்டு எடுப்பது போன்ற கணக்கு.

வளையத்தை உடைப்பதுதான் கடினமான வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் கடினமான வேலை மேலே சொன்ன இரண்டு படிகளோடு முடிந்துவிடுகிறது. மூன்று பகுதிகள் கொண்ட புரதக் கூட்டம், வெளியிலிருந்து வரும் எலக்ட்ரான்கள், எல்லாம் அங்கேதான் தேவைப்படுகின்றன. கேட்டகால் கைக்கு வந்தபிறகு வெட்டுவதற்கு ஒரே ஒரு நொதியும் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறும் போதும், என்ஏடிஹெச்கூட வேண்டாம். ஆனால் அந்த வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பாக்டீரியா வேறு எதையெல்லாம் தின்ன முடியும், எதைத் தின்றால் நஞ்சாகும் என்பது முடிவாகிறது. இந்த வேலையை நான் எடுத்துக்கொண்டதே அந்த இடத்தைப் பார்ப்பதற்காகத்தான்.

வெட்டு இரண்டு வகை. இரண்டு ஹைட்ராக்ஸில்களுக்கும் நடுவில் உள்ள கார்பன் பிணைப்பை வெட்டினால் ஆர்த்தோ வெட்டு. கேட்டகால் 1,2-டைஆக்ஸிஜினேஸ் இதைச் செய்கிறது. அதன் இரும்பு ஃபெரிக் நிலையில் (Fe3+) இருக்கும். கிடைப்பது நிறமில்லாத மியூகோனிக் அமிலம். ஹைட்ராக்ஸில்களுக்கு வெளியே, ஒட்டினாற்போல் உள்ள பிணைப்பை வெட்டினால் மெட்டா வெட்டு. அது கேட்டகால் 2,3-டைஆக்ஸிஜினேஸின் வேலை. இரும்பு ஃபெரஸ் நிலையில் (Fe2+). கிடைப்பது 2-ஹைட்ராக்ஸிமியூகோனிக் செமிஆல்டிஹைடு. இது பளிச்சென்ற மஞ்சள். இந்த ஒரு நிற வேறுபாட்டை நம்பித்தான் பின்னால் வரும் எல்லாச் சோதனைகளும் நடக்கின்றன. ஆர்த்தோ வெட்டு நொதியை வைத்து ஒசாமு ஹயாய்ஷியும் அவருடைய குழுவினரும் 1955-இல் ஆக்ஸிஜன்-18 கொண்டு செய்த சோதனையில், மியூகோனிக் அமிலத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களும் தண்ணீரிலிருந்து வரவில்லை, காற்றின் ஆக்ஸிஜனிலிருந்தே வந்தன என்று தெரிந்தது. ஆக்ஸிஜனை நேரடியாகச் சேர்மத்துக்குள் செருகும் நொதிகள் உண்டு என்பது அந்த ஆண்டில்தான் உறுதியானது.

பாக்டீரியாவும் ஊடகமும்

வேலைக்கு எடுத்துக்கொண்டது சூடோமோனாஸ் புட்டிடா எம்டி-2. மெட்டா-டொலுயேட்டைக் (மெத்தில் குழு ஒட்டிய பென்சோயேட்) கொண்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த இனம் என்பதால் எம்டி என்று பெயர். இதனிடம் டிஓஎல் பிளாஸ்மிட் என்ற, சுமார் 117 கிலோபேஸ் (1,17,000 கார இணைகள்) நீளமுள்ள வட்ட டிஎன்ஏ இருக்கிறது. டொலுயீனையும் சைலீனையும் பென்சோயேட், டொலுயேட் வரை கொண்டுவரும் மரபணுக்கள் ஒரு தொகுதி. அங்கிருந்து கேட்டகால், மெட்டா வெட்டு, அதற்கப்புறமுள்ள படிகள் எல்லாம் இன்னொரு தொகுதி. ஒப்பிடுவதற்கு கேடி2440. இது எம்டி-2-இலிருந்து வந்ததுதான், ஆனால் பிளாஸ்மிட் கிடையாது. ஆர்த்தோ வெட்டுக்கான மரபணுக்கள் இரண்டிலும் குரோமோசோமில் இருக்கின்றன. ஆக எம்டி-2-இடம் கத்தரி இரண்டு, கேடி2440-இடம் ஒன்றே ஒன்று. இரண்டு இனங்களும் கல்ச்சர் சேகரிப்பு மையங்களில் கிடைக்கும், நோய் உண்டாக்காதவை, முதல்நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் போதும்.

ஊடகம் எளிதுதான். லிட்டருக்கு டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், அம்மோனியம் குளோரைடு 1 கிராம், சோடியம் குளோரைடு அரை கிராம். மக்னீசியம் சல்பேட்டைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, ஆறியபிறகு 1 மில்லிமோலார் அளவுக்குச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சூடாக்கினால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும். இரும்பை மறக்கவே கூடாது. நாம் பார்க்கப்போகும் நொதிகள் எல்லாமே இரும்பு நொதிகள். ஃபெரஸ் சல்பேட் துளியளவு போட்ட ஊடகத்தில் வளர்ந்த செல்களிடம் நிறம் பளிச்சென்று வருகிறது.

கார்பனுக்காகச் சோடியம் பென்சோயேட் 5 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 0.72 கிராம். அதிகம் போட்டால் அதிகம் வளரும் என்று நினைக்க வேண்டாம். பென்சோயேட் உணவுப் பொருள்கள் கெடாமல் இருக்கப் போடுகிற பொருள். அளவு ஏற ஏறப் பாக்டீரியா தொடங்கவே தயங்கும். இன்னொரு ஊடகத்தில் மெட்டா-டொலுயிக் அமிலம் 5 மில்லிமோலார், லிட்டருக்கு 0.68 கிராம். இது அமிலமாகக் கரையாது. சோடியம் ஹைட்ராக்ஸைடு விட்டுக் கரைத்து, பிஹெச்சை 7-க்குக் கொண்டுவந்து பயன்படுத்த வேண்டும்.

தட்டுகள் ஊற்றும்போது கார்பன் எதுவும் சேர்க்காத தட்டும் கட்டாயம் ஊற்றுங்கள். அகாரிலேயே கொஞ்சம் கரிமக் கசடு இருக்கும்; அதைத் தின்று ஊசிமுனை அளவு காலனிகள் வரும். பென்சோயேட் தட்டில் வருவது உண்மையிலேயே பென்சோயேட்டைத் தின்று வந்ததா என்பதை இந்த வெறும் தட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வெப்பநிலை 30 டிகிரி.

மஞ்சள்

கேட்டகாலை 0.1 மோலார் கரைசலாக எடுத்தேன்: 100 மி.லி. தண்ணீரில் 1.1 கிராம். அன்றன்றைக்குக் கரைத்ததுதான் சரி. நின்றால் காற்றுபட்டுக் குயினோனாகி, பிறகு பழுப்பாகிவிடும். பிஹெச் 8-ஐத் தாண்டினால் இன்னும் வேகமாக. கேட்டகால் தோலைப் புண்ணாக்கும், தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும். அதனால் கையுறை, கண்ணாடி, ஃபியூம் ஹுட், மூன்றும் வேண்டும். தெளிப்பது என்பது காற்றில் துளிகளைப் பரப்புகிற வேலை. திறந்த மேசையில் இதைச் செய்யவே கூடாது. தெளித்த காலனிகள் பிழைப்பது சந்தேகம் என்பதால் ஒவ்வொரு தட்டுக்கும் பிரதித் தட்டு ஒன்று எடுத்து வைத்துவிட்டுத்தான் தெளித்தேன்.

பென்சோயேட் தட்டில் எம்டி-2 காலனிகள் வெளிறிய வெண்மை நிறத்தில், கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். தெளித்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தது. பிறகு காலனிகளின் விளிம்பில் எலுமிச்சைத் தோல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடுவை நோக்கிப் பரவி, முழுக் காலனியும் மஞ்சளானது. அதற்கப்புறமும் நிறம் நிற்கவில்லை. காலனியிலிருந்து கசிந்து சுற்றியுள்ள அகாரிலும் ஒளிவட்டம் போலப் படர்ந்தது. பக்கத்துத் தட்டில் கேடி2440 காலனிகள் அப்படியே வெள்ளையாக இருந்தன. நெடுநேரம் கழித்து லேசான பழுப்பு மட்டும் ஏறியது, அது கேட்டகால் காற்றில் ஆக்ஸிஜனேற்றம் அடைவதால் வருவது. இந்தப் பழுப்பையும் மஞ்சளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐயம் இருந்தால் ஒரு வழி உண்டு. மஞ்சள் கரைசலில் துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள், நிறம் போய்விடும். காரம் விட்டால் மஞ்சள் திரும்பி வரும். செமிஆல்டிஹைடு அமிலத்தில் வேறு வடிவத்துக்கு மாறுவதால் இப்படி ஆகிறது. குயினோன் பழுப்பு இப்படி வந்துபோகாது.

சக்சினேட்டில் வளர்த்த எம்டி-2 காலனிகளையும் தெளித்துப் பார்த்தேன். மஞ்சள் ஏறவே தயங்கியது. அதே செல், அதே பிளாஸ்மிட். ஆனால் பென்சோயேட் இல்லை. பென்சோயேட்டோ டொலுயேட்டோ வந்து எக்ஸ்ஒய்எல்எஸ் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டினால்தான் மெட்டா தொகுதி வேகமாக வேலைக்கு இறங்கும். நொதி கட்டுவது செலவு பிடிக்கிற காரியம். எளிதான உணவு கிடைக்கும்போது பாக்டீரியா அந்தச் செலவைச் செய்வதில்லை.

தட்டை விட என்னை அதிகம் கவர்ந்தது சோதனைக் குழாய். பென்சோயேட்டில் வளர்ந்த செல்களைக் கழுவி, பாஸ்பேட் பஃபரில் கெட்டியாகக் கலக்கி, கேட்டகால் விட்டு, ஆட்டாமல் நிறுத்தி வைத்தேன். மேல்மட்டத்தில் மட்டும் ஒரு மஞ்சள் படலம். கீழே முழுக்க வெளிறியே கிடந்தது. குழாயை ஒருமுறை தலைகீழாக்கி நிமிர்த்தியதும் முழுக்க மஞ்சளானது. அப்படியே வைத்தால் நிறம் அதற்கு மேல் ஏறவில்லை. திரும்பக் குலுக்கினால் இன்னும் ஒரு படி ஏறியது. அவ்வளவு அடர்த்தியான செல்கள் கரைந்த ஆக்ஸிஜனை உடனே தீர்த்துவிடுகின்றன, காற்று தொடும் இடத்தில் மட்டும்தான் வெட்டு நடக்கிறது. இங்கே ஆக்ஸிஜன் மூச்சுக்கு மட்டும் வேண்டியதல்ல. வினையில் நேரடியாகச் செலவாகிற மூலப்பொருள். எண்ணெய் கசிந்த மண்ணைக் கிளறிவிடுவதும், நிலத்தடி நீருக்குள் காற்றைச் செலுத்துவதும் எதற்காக என்பது எனக்கு அந்தக் குழாயில்தான் புரிந்தது.

ஆக்ஸிஜனே இல்லாத இடங்களில் வேறு பாக்டீரியாக்கள் வேறு வழியில் போகின்றன. தௌவேரா அரோமேட்டிக்கா பென்சோயேட்டை முதலில் பென்சோயில்-கோஏ ஆக்கி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைச் செலவழித்து எலக்ட்ரான்களை வளையத்துக்குள் திணிக்கிறது. அங்கே கேட்டகாலும் இல்லை, மஞ்சளும் இல்லை. என் வேலை அந்தப் பக்கம் போகவில்லை.

ஊதா

கேடி2440 மஞ்சளாகவில்லை என்பதை வைத்து மட்டும் அது ஆர்த்தோ வெட்டு என்று முடிவுகட்ட முடியாது. இல்லாததைக் காட்டுவது சான்றாகாது. அதற்குத்தான் ரோதெரா சோதனை. மியூகோனிக் அமிலம் இரண்டு லாக்டோன்கள் (வளைய எஸ்டர்கள்) வழியாக பீட்டா-கீட்டோஅடிபிக் அமிலமாகிறது. அந்தக் கீட்டோ அமிலம் சோடியம் நைட்ரோபுரூசைடோடு ஊதா நிறம் தரும்.

பென்சோயேட்டில் வளர்ந்த செல்களை 0.02 மோலார் டிரிஸ் பஃபரில், பிஹெச் 8-இல், 2 மி.லி. அளவுக்குக் கலக்கிக்கொண்டேன். அதில் அரை மி.லி. டொலுயீன் விட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். டொலுயீன் செல் சவ்வைக் குலைத்து, கேட்டகால் உள்ளே போகவும் விளைபொருள் வெளியே வரவும் வழி செய்கிறது. பிறகு 1 மோலார் கேட்டகால் 0.2 மி.லி. சில நிமிடங்களில் மஞ்சள் வந்தால் மெட்டா வெட்டு, சோதனை அத்தோடு முடிந்தது. வராவிட்டால் 30 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டி, அம்மோனியம் சல்பேட் 1 கிராம், 1 சதவீத நைட்ரோபுரூசைடு ஒரு துளி, கடைசியாக அடர் அம்மோனியா அரை மி.லி. விட வேண்டும். கேடி2440 குழாயில் அம்மோனியா இறங்கிய இடத்தில் ஊதா வளையம் ஒன்று எழுந்து, ஆட்டியதும் குழாய் முழுக்கக் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாக நின்றது. கொதிக்கவைத்த செல்களோடு அதே கலவை வெளிறிய பழுப்பாகவே இருந்தது. கொதிக்கவைத்த செல்களோடு ஓர் ஒப்பீட்டுக் குழாய் இல்லாமல் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். கேட்டகாலே காரத்தில் கறுக்கும். இன்னொன்று, நைட்ரோபுரூசைடுக்குள் சயனைடு இருக்கிறது. இந்தக் குழாய்களை அமிலக் கழிவோடு சேர்த்துக் கொட்டவே கூடாது.

மஞ்சளை விட்டுக்கொடுக்கும் பாக்டீரியா

இந்த வேலையில் நான் மிகவும் எதிர்பார்த்துக் காத்திருந்தது அடுத்த பகுதி. எம்டி-2-இடம் இரண்டு கத்தரி இருக்கிறது என்றேன். பென்சோயேட்டைக் கொடுத்தால் எது வேலை செய்யும்? தொடக்கத்தில் மெட்டாதான், தட்டின் மஞ்சளே சாட்சி. மெட்டா நொதி கேட்டகாலை உடனுக்குடன் வெட்டிவிடுவதால், ஆர்த்தோ பக்கத்தைத் தூண்ட வேண்டிய மியூகோனேட் சேரவே சேராது. ஆனால் பென்சோயேட்டைப் பொறுத்தவரை ஆர்த்தோ வழியில் போகிற செல் கொஞ்சம் வேகமாகப் பெருகுகிறது. எப்போதாவது ஒரு செல் பிளாஸ்மிட்டை இழந்தால், அது மற்றவற்றை முந்திவிடும். வில்லியம்ஸ், மரே என்ற ஆய்வாளர்கள் 1974-இல் இதை எழுதினார்கள். பென்சோயேட் பிளாஸ்மிட்டைத் துரத்துவதில்லை; தற்செயலாக இழந்த செல்லுக்கு ஓட்டத்தில் முந்த வாய்ப்புக் கொடுக்கிறது, அவ்வளவே.

எம்டி-2-ஐ பென்சோயேட் ஊடகத்தில் ஒரு வரிசையாகவும், மெட்டா-டொலுயேட் ஊடகத்தில் இன்னொரு வரிசையாகவும் தொடர்ந்து மாற்றிக்கொண்டே போனேன். வளர்ந்து முடித்ததிலிருந்து நூறில் ஒரு பங்கு எடுத்துப் புது ஊடகத்தில் விடுவது முறை. ஒவ்வொரு மாற்றத்திலும் செல்கள் 6 முதல் 7 தலைமுறை பெருகுகின்றன. இடையிடையே நீர்த்து, தட்டில் பரப்பி, காலனிகள் வந்தபிறகு கேட்டகால் தெளித்துப் பார்த்தேன்.

டொலுயேட் வரிசை கடைசி வரை மஞ்சள். பென்சோயேட் வரிசையில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு தட்டில், மஞ்சள் காலனிகளுக்கு நடுவே துடைத்துவிட்டது போல் ஒரு வெள்ளைக் காலனி. அடுத்தடுத்த தட்டுகளில் வெள்ளைகள் கூடிக்கொண்டே வந்தன. கடைசித் தட்டுகளில் மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது. வெள்ளைகளைப் பிரதித் தட்டிலிருந்து எடுத்துச் சோதித்தேன். பென்சோயேட்டில் நன்றாக வளர்ந்தன. மெட்டா-டொலுயேட்டில் வெறும் தட்டில் வருகிற அளவுக்குத்தான் வந்தன. ரோதெரா சோதனையில் கேடி2440 போலவே ஊதா. பென்சோயேட்டை வேகமாகத் தின்பதற்காக டொலுயேட்டை விட்டுக்கொடுத்துவிட்டன.

டொலுயேட்டை ஏன் ஆர்த்தோ வழியில் தின்ன முடியாது என்ற கேள்விக்கு இங்கேதான் விடை. டொலுயேட்டில் மெத்தில் குழு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கேட்டகாலிலும் கூடவே வரும். மெத்தில் கேட்டகாலை ஆர்த்தோவாக வெட்டினால் கிடைக்கிற மெத்தில் லாக்டோனில் வழி அடைபட்டுப்போகிறது. அடுத்த நொதி அதை ஏற்காது. மெட்டா வழி அப்படியில்லை. 3-மெத்தில்கேட்டகாலை வெட்டினால் ஆல்டிஹைடுக்குப் பதில் கீட்டோன் கிடைக்கும்; அதை ஹைட்ரோலேஸ் நொதி நேரடியாக உடைத்து, மெத்திலை அசிட்டேட்டாக வெளியே விட்டுவிடும். சாதாரணக் கேட்டகாலிலிருந்து வரும் ஆல்டிஹைடு டீஹைட்ரஜினேஸ் வழியாகப் போகும். இரண்டு கிளைகளும் பிறகு ஒன்றுசேர்ந்து, பைருவேட்டும் அசிட்டால்டிஹைடுமாக முடிகின்றன. எதைத் தின்ன முடியும் என்பதை வெட்டின் இடம் முடிவு செய்கிறது என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

வெள்ளைகள் எல்லாமே முழுப் பிளாஸ்மிட்டையும் இழந்தவை என்று சொல்ல முடியாது. டிஓஎல் பிளாஸ்மிட்டில் இந்த மரபணுக்கள் இருக்கும் சுமார் 39 கிலோபேஸ் துண்டின் இருபக்கமும் ஒரே மாதிரியான வரிசைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று சேர்ந்தால் நடுத்துண்டு மட்டும் கழன்றுவிடும், மிச்சப் பிளாஸ்மிட் செல்லிலேயே இருக்கும். பிளாஸ்மிட்டைப் பிரித்து ஜெல்லில் ஓட்டினால்தான் எது எது என்று தெரியும். கேட்டகால் தெளிப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

நொதியை வெளியே எடுத்தபோது

கண்ணால் பார்த்ததை எண்ணாக்க ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். செல்களைச் சுழற்றி இறக்கி, கழுவி, 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில், பிஹெச் 7.5-இல், பனிக்கட்டி மேல் வைத்து சோனிகேட்டரால் உடைத்து, கசடை நீக்கித் தெளிந்த சாறு எடுத்தேன். பஃபரில் 10 சதவீதம் அசிட்டோன் உண்டு. நொதிக்குள் அசிட்டோனா என்று தோன்றும். ஆனால் மெட்டா வெட்டு நொதியின் ஃபெரஸ் இரும்பு காற்று பட்டு ஃபெரிக் ஆகிவிட்டால் நொதி செயலிழந்துவிடும். குறைந்த அளவு அசிட்டோன் அதைத் தடுக்கிறது என்று நோசாகி குழுவினர் 1960-களிலேயே கண்டறிந்தார்கள். சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் அசிட்டோனோடும் ஒன்றில் இல்லாமலும் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தேன். அசிட்டோன் இல்லாத சாறு கண்ணெதிரே சோர்ந்துபோனது, இருந்தது தாக்குப்பிடித்தது. சோர்ந்த சாற்றில் அஸ்கார்பிக் அமிலமும் ஃபெரஸ் சல்பேட்டும் விட்டதும் ஓரளவு உயிர் வந்தது. செல்லுக்குள் இந்தப் பழுதுபார்ப்பைச் செய்ய எக்ஸ்ஒய்எல்டி என்ற ஃபெரடாக்சின் புரதமே தனியாக இருக்கிறது. அதன் மரபணு வெட்டு நொதியின் மரபணுவுக்கு முந்தைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

மெட்டா நொதியை 375 நானோமீட்டரில் அளக்க வேண்டும். குவெட்டில் பஃபர், சாறு கொஞ்சம், கேட்டகால் 0.2 மில்லிமோலார்; ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். மோலார் உறிஞ்சு குணகமாக (1 மோலார் கரைசல் 1 செ.மீ. தடிமனில் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற எண்) நான் எடுத்தது 33,000. நிமிடத்துக்கு 0.66 ஏறினால் 20 மைக்ரோமோலார் விளைபொருள் உருவாகிறது என்று கணக்கு. இவ்வளவு பெரிய குணகம் இருப்பதால்தான் துளி நொதிகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆர்த்தோ நொதிக்கு 260 நானோமீட்டர், குணகம் 16,800. இதற்குக் குவார்ட்ஸ் குவெட் வேண்டும். கண்ணாடி அந்த ஒளியை விடாது. இரண்டு நொதியும் கலந்திருக்கிற சாற்றில் ஆர்த்தோவை மட்டும் அளக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொஞ்சம் விட்டு மெட்டா நொதியை முதலில் செயலிழக்கச் செய்வது பழைய வழி. ஃபெரஸ் இரும்பு பலவீனம் என்பது இங்கே உதவியாகிறது.

எண்கள் தட்டில் பார்த்ததையே சொன்னன. எம்டி-2 சாற்றில் 375-இல் கோடு செங்குத்தாக ஏறியது. வெள்ளைக் காலனிச் சாற்றில் 375-இல் படுத்தே கிடந்தது, 260-இல் ஏறியது.

குளோரின் வந்தால்

எம்டி-2 சாறு மிச்சம் இருந்ததால் ஒன்றைச் செய்து பார்த்தேன். கேட்டகால் விட்டு, கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே 3-குளோரோகேட்டகால் சிறிதளவு சேர்த்தேன். ஏற்றம் வளைந்து, தணிந்து, நின்றுவிட்டது. அதற்குமேல் கேட்டகால் எவ்வளவு விட்டாலும் அசையவில்லை. புதுச் சாறு விட்டதும் மறுபடி கொஞ்சம் ஏறி நின்றது. குளோரின் ஒட்டிய கேட்டகாலை இந்த நொதி மெட்டாவாக வெட்டும்போது உருவாவது அசைல் குளோரைடு. அது மிகத் தீவிரமாக வினைபுரிவது, பிறந்த இடத்திலேயே நொதியைப் பிடித்துக்கொள்ளும். தவிர, குளோரோகேட்டகால் நொதியின் இரும்பையும் பற்றிக்கொள்கிறது. டொலுயீனும் குளோரோபென்சீனும் கலந்து கிடக்கும் மண்ணில், டொலுயீன் தின்னும் பாக்டீரியா தன் உணவு பக்கத்திலேயே இருந்தும் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் குளோரின் சேர்மங்களைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஆர்த்தோ வெட்டின் மாறுபட்ட வடிவம் ஒன்றை வைத்திருக்கின்றன. அங்கே வளையம் திறந்தபிறகு, லாக்டோன் ஆகும் கட்டத்தில் குளோரைடு கழன்றுவிழுகிறது. ஆனால் விதிவிலக்கும் உண்டு. குளோரோபென்சீனில் வளரும் சூடோமோனாஸ் புட்டிடா ஜிஜே31 என்ற இனத்தின் மெட்டா வெட்டு நொதி 3-குளோரோகேட்டகாலையே வெட்டி, குளோரைடை வெளியே தள்ளி, தானும் உயிரோடு இருக்கிறது. எம்டி-2 நொதியும் இதுவும் ஒரே குடும்பம்தான்; ஒன்று சாகிற இடத்தில் இன்னொன்று பிழைக்கிறது. அந்த நொதியின் சாறு கிடைத்தால் இதே குவெட்டில், இதே 3-குளோரோகேட்டகாலை விட்டு, இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் பார்க்க வேண்டும்.